சங்கேத எழுத்தில் ஒரு ரகசியச் செய்தி: எங்கே சிக்குகிறதோ அங்கிருந்து அவிழ்க்கலாம்

பழைய டைரிக்குள் மடித்து வைத்த தாள் ஒன்று, பள்ளிக்கூட நாட்களில் யாரோ நமக்கு எழுதிய சீட்டு, எந்தக் குறி எந்த எழுத்து என்று சொல்லும் சாவி எப்போதோ தொலைந்துவிட்டது. இப்படி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "இதைக் கொஞ்சம் பாரேன்" என்று கேட்பவர்களுக்கு உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்ததில், சிக்குகிற இடங்கள் திரும்பத் திரும்ப அதே ஏழெட்டுதான் என்று தெரிந்துகொண்டேன். அதனால் அறிகுறிவாரியாக எழுதுகிறேன். மேலிருந்து கீழே படிக்க வேண்டியதில்லை, உங்கள் தாள் எப்படி இருக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்விடுங்கள்.

அதற்கு முன் இரண்டு விஷயம். மூலத்தாளின் மேல் எதுவும் எழுதாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு, ஒரு வரி விட்டு ஒரு வரியாகப் பென்சிலால் படி எடுங்கள். இரண்டாவது, அது உங்களுக்கு எழுதியதுதானா? இன்னொருவருடைய டைரி என்றால், அவரும் இருக்கிறார் என்றால், அவரிடம் கேட்பதுதான் முறை. அதைவிடச் சீக்கிரம் கிடைக்கிற சாவியும் வேறு இல்லை.

அறிகுறி: கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது

இது பெரும்பாலும் ரகசியமே இல்லை. சொல்லின் நடுவிலேயே அரைப்புள்ளி அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டிய சாதாரணத் தமிழ். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசை, அதனால் 'அம்மா' என்று தட்டியது எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். எழுத்துருமாற்றி ஒன்றில் போட்டால் ஒரு நொடியில் முடிந்தது. தலையில் கோடும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரிந்தால் டிஸ்கி மாதிரி இன்னொரு பழைய குறிமுறையாக இருக்கலாம், அதற்கும் மாற்றி உண்டு.

இடைவெளியே இல்லாமல் பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண் எல்லாம் கலந்து நீளமாக ஓடி, கடைசியில் ஒன்றோ இரண்டோ சமக்குறியோடு நின்றால் அது பேஸ்64, கணினித் தரவை எழுத்துகளாக மாற்றி எழுதும் ஒரு முறை. அதையும் மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகும் குப்பைதான் வருகிறது என்றால் உள்ளே உண்மையான கணினிக் குறியாக்கம் இருக்கலாம், பென்சிலை வைத்துவிடுங்கள். அதற்குக் கடவுச்சொல் வேண்டும், பொறுமை போதாது.

அறிகுறி: தமிழ் எழுத்துதான், ஆனால் ஒரு சொல்லும் புரியவில்லை

என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் இந்த வகை. சுலபமானதிலிருந்து போவோம்.

ஒன்று விட்டு ஒன்று ஒரே எழுத்தாக வருகிறதா? அப்படியானால் நடுவில் திணித்த எழுத்தை அடித்துவிட்டுப் படியுங்கள். 'கநாகளைகவாக' மாதிரி, சிறுவர்களின் க பாஷைதான், காகிதத்தில்.

சொற்கள் புள்ளி வைத்த எழுத்தில் தொடங்குகின்றனவா? தமிழ்ச் சொல் எதுவும் மெய்யில் தொடங்காது, அதனால் 'ம்தடிக' என்று ஒன்றைப் பார்த்தால் திருப்பிப் படியுங்கள்.

இரண்டும் இல்லையா, சரி, அப்புறம் நகர்த்தல். க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ ழ ள ற ன என்று பதினெட்டையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பதில் அடுத்ததைப் போடுவார்கள், உயிர்க்குறியைத் தொட மாட்டார்கள். 'நாளை வருகிறேன்' என்பது 'பாறை ழலுஙினேக்' ஆகிவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால் முதல் சொல் ஒழுங்கான தமிழ்ச் சொல்லாகவே வந்து உட்கார்ந்துவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டு பாறையைத் தேடிப் போனவர்கள் உண்டு. இரண்டாம் சொல்லைப் பாருங்கள்: ழவில் தொடங்குகிறது, நடுவில் ஙி, முடிவில் க். எந்தத் தமிழ்ச் சொல்லும் இப்படி இருக்காது. பதினெட்டு எழுத்துக்கு நகர்த்தல் பதினேழு விதம்தான், ஒரு துண்டுத் தாளில் வரிசையை எழுதி இன்னொரு வரிசையின் கீழே நகர்த்திக்கொண்டே வந்தால் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். முழுச் செய்தியையும் மாற்ற வேண்டாம், இரண்டு சொல் போதும்.

அதே தாளில் வரிசையைத் தலைகீழாகவும் வைத்துப் பாருங்கள்: கவுக்கு ன, ஙவுக்கு ற, சவுக்கு ள, இப்படியே போய் நடுவில் பவும் மவும் இடம் மாறும். நகர்த்தலுக்கு அடுத்தபடி அதிகம் பார்த்தது இதைத்தான்.

இது எதுவும் இல்லை என்றால் எழுதியவர் தன் இஷ்டத்துக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். இங்கேதான் எல்லோரும் ஒரு தப்புச் செய்கிறார்கள். ஆங்கிலத்துக்குச் சொன்ன முறையைப் படித்துவிட்டு எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ண உட்கார்ந்துவிடுகிறார்கள். நாலு வரிச் செய்தியில் எண்ணிக்கை பெரிதாக எதுவும் சொல்லாது. தமிழில் முதலில் பார்க்க வேண்டியது புள்ளி. புள்ளி வைத்த எழுத்து எங்கே நிற்கிறது, அதற்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று பாருங்கள். எந்த மெய்க்குப் பின்னால் எந்த மெய் வரும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்த மெய்ம்மயக்கம் வேலைக்கு வருவது இந்த ஒரு இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

எப்போதும் புள்ளியோடு மட்டுமே வந்து, பின்னால் எப்போதும் ஒரே எழுத்தையே கூட்டிக்கொண்டு வருவது ங், பின்னால் நிற்பது க. ஒரே எழுத்து இரட்டித்து வந்தால் அது ரவும் இல்லை, ழவும் இல்லை, இரண்டும் இரட்டிப்பதில்லை. மெய் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதல் மெய் ய், ர், ழ் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்: பார்க்க, வாழ்த்து, வாய்ப்பு. சொல்லின் முடிவில் அதிகம் நிற்கிற மெய்யை ம் என்று வைத்துத் தொடங்குங்கள், தவறினால் ன் அல்லது ல். ஒரு சொல் புள்ளி வைத்த எழுத்தில் முடிந்து அடுத்த சொல்லும் அதே எழுத்தில் தொடங்கினால், அதுவும் இரண்டு மூன்று இடத்தில், எழுதியவர் ஒற்றுமிகுத்து எழுதும் பழக்கக்காரர், அந்த எழுத்து க ச த ப நான்கில் ஒன்று. சந்தியை ஒழுங்காகப் போடுபவர்களின் ரகசியம் சீக்கிரம் உடைந்துவிடும், பாவம்.

ஒன்றைப் போட்டே காட்டுகிறேன்:

அட்மே ஞோநழுர் மளிழர் எணுழுமிகேந். னாசிளருர் றொங்ஙாழே.

ஆறு சொல்லில் மூன்று ர் என்று முடிகின்றன. ர் என்பதை ம் என்று வைப்போம். அப்போது 'னாசிளருர்' என்பதன் வால் 'மும்' ஆகிறது, நம்பிக்கை வருகிறது. முதல் சொல் 'அட்மே': அ, ஒரு மெய், வேறொரு எழுத்தோடு ஏ. 'அங்கே' ஆக இருக்கலாம், 'அன்றே' ஆகவும் இருக்கலாம். முடிவு செய்யாதீர்கள், இரண்டையும் ஓரத்தில் எழுதி வைத்துவிட்டு நான்காம் சொல்லுக்குப் போங்கள். அதன் வால் 'மிகேந்', இகரம், ஏகாரம், ஒரு மெய் என்ற வரிசை. தமிழில் எழுதிய கடிதத்தில் இந்த வரிசையைப் பார்த்தால் 'கிறேன்' என்று வைத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. ம என்பது க, க என்பது ற, ந என்பது ன. உடனே முதல் சொல் 'அங்கே' என்று உறுதியாகிறது, 'அன்றே' விழுந்தது. நான்காம் சொல் 'எ_ு_ுகிறேன்' என்று நிற்கிறது: எழுதுகிறேன். ண என்பது ழ, ழ என்பது த. இரண்டாம் சொல் '_ோனதும்', போனதும். மூன்றாம் சொல் 'க_ிதம்'. கடிதம் என்று கை தானாக எழுதும், ஆனால் கணிதம் என்பதும் பொருந்துகிறது, எழுதுகிறேன் என்பதோடு ஒட்டவும் செய்கிறது. அதே ள ஐந்தாம் சொல்லிலும் இருக்கிறது: '_ா_ி_மும்'. ட போட்டால் யாரிடமும், ண போட்டால் ஒன்றும் வரவில்லை. ஆக, கடிதம். கடைசிச் சொல் '_ொ_்_ாதே', நடுவில் இரட்டிப்பு. கொல்லாதே, கொட்டாதே எல்லாம் நினைவுக்கு வரும், ஆனால் கவும் டவும் ஏற்கெனவே வேறு குறிக்குப் போய்விட்டன. சொல்லாதே.

அங்கே போனதும் கடிதம் எழுதுகிறேன். யாரிடமும் சொல்லாதே.

எங்குமே எண்ணிக்கை எடுக்கவில்லை, கவனித்தீர்களா? முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் விளிப்பும் கையெழுத்துமாக இருந்தால் இன்னும் சுலபம், உங்களை அவர் எப்படிக் கூப்பிடுவார் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

அறிகுறி: எழுத்தே இல்லை, வட்டமும் கோடும் கிறுக்கலும்

வேறு வேறு குறிகள் எத்தனை என்று எண்ணுங்கள். இங்கே எண்ணிக்கை வேண்டும்.

26 அல்லது அதற்குக் கீழே என்றால், பெரும்பாலும் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகப் போட்டவை. செய்தி ஆங்கிலத்தில் இருக்கலாம், ஆங்கில எழுத்தில் எழுதிய தமிழாகவும் இருக்கலாம். ஒரு குறி மற்ற எல்லாவற்றையும் தூரத்தில் விட்டுவிட்டு முன்னால் ஓடினால் தமிழ் என்று வையுங்கள், அது ஆங்கில 'ஏ' எழுத்து. சாதாரண ஆங்கிலத்தில் முந்துவது 'ஈ', அங்கே ஒற்றை எழுத்துச் சொல் வந்தால் அது 'ஏ' அல்லது 'ஐ'. குறிகள் சதுரத்தின் மூலை, கூம்பு, சிலவற்றின் உள்ளே மட்டும் புள்ளி என்று இருந்தால் மூளையைக் கசக்க வேண்டாம். ஒன்பது கட்டம் இரண்டு, பெருக்கல் குறி இரண்டு போட்டு எழுத்துகளை நிரப்புகிற பிக்பென் அது, 9 + 9 + 4 + 4 = 26.

30 பக்கம் என்றால் உயிர் 12, மெய் 18 தனித்தனியாகப் பிரித்து எழுதியிருக்கிறார். 'க' என்பதற்கு இரண்டு குறி செலவாகும். இதில் அ, இ, உ மூன்றும் முன்னால் நிற்கும், அவற்றைப் பிரித்தெடுத்துவிட்டால் மேலே சொன்ன புள்ளி வேலை அப்படியே நடக்கும்.

ஐம்பது அறுபதைத் தாண்டுகிறது என்றால் பயப்படும் முன் உற்றுப் பாருங்கள். 216 உயிர்மெய்க்கும் தனித்தனிப் படம் கண்டுபிடிக்கும் அளவுக்கு யாருக்கும் பொறுமை கிடையாது. ஒரே உடல், வெவ்வேறு வால் என்று இருக்கும். வால்தான் உயிர்க்குறி. உடலையும் வாலையும் பிரித்து எழுதினால் முந்தைய தலைப்புக்கு வந்துவிட்டீர்கள். அப்படிப் பிரியவே இல்லை, செய்தியும் ஒரு பக்கத்துக்குக் குறைவு என்றால் நான் முயல மாட்டேன்.

கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடி, சில தடித்து, சில மெலிந்து இருந்தால் சங்கேதமே அல்ல, சுருக்கெழுத்து. சுருக்கெழுத்துப் படித்த ஒருவரிடம் காட்டுங்கள், ஐந்து நிமிட வேலை. சாமுவேல் பீப்ஸ் என்ற ஆங்கிலேயரின் 17ஆம் நூற்றாண்டு டைரியை 1819 முதல் மூன்று வருடம் ஒருவர் உட்கார்ந்து அவிழ்த்தார், அந்தச் சுருக்கெழுத்தின் விளக்கப் புத்தகம் அதே நூலகத்தில், பீப்ஸின் சொந்தச் சேகரிப்பிலேயே இருந்தது அவருக்குத் தெரியவில்லை. தாளோடு வந்த பெட்டியை முதலில் தேடுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அறிகுறி: வெறும் எண்கள்

இரண்டிரண்டாக வருகின்றனவா? ஒரு பக்கம் 18ஐத் தாண்டாமல், இன்னொரு பக்கம் 12ஐத் தாண்டாமல் இருந்தால் மெய்-உயிர்க் கட்டம் அது, 1-1 என்றால் க, 10-2 என்றால் மா. மெய்க்குப் பெரும்பாலும் சுழியம் போட்டிருப்பார்கள். ஒற்றை எண்கள் 26க்குள் நின்றால் ஆங்கில வரிசை. மூன்று மூன்றாக வந்து முதல் எண் மட்டும் பெரிதாக இருந்தால் பக்கம், வரி, சொல். எந்தப் புத்தகம் என்று தெரியாமல் இதை உடைக்க முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், அந்த நேரத்தில் அவர் வீட்டு அலமாரியைப் பாருங்கள்.

அறிகுறி: சொல்லுக்கு இடையே இடைவெளியே இல்லை

ஆங்கிலத்தில் இது பெரிய தலைவலி, தமிழில் அவ்வளவு இல்லை. அ, இ, எ மாதிரித் தனி உயிரெழுத்து சொல்லின் முதலில்தான் வரும், எனவே அது நிற்கிற இடத்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டுவிடலாம். நாலைந்து கோடு விழுந்தாலே துண்டுகள் கைக்குள் அடங்கிவிடும்.

அறிகுறி: பாதி வரை வந்தது, அப்புறம் எல்லாம் உளறல்

இதில்தான் ஆட்கள் கைவிட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் இன்னும் அரை மணி நேரம் இருந்தால் முடிந்திருக்கும்.

முதலில் படி எடுத்ததைச் சரிபாருங்கள். நான் ஒருமுறை இரண்டு மாலை முழுக்க ஒரு வரியோடு மல்லுக்கட்டினேன், கடைசியில் பார்த்தால் உள்ளே கோடு போட்ட வட்டத்தையும் வெறும் வட்டத்தையும் ஒன்றாகவே படி எடுத்திருக்கிறேன். மூலத்தை வேறொருவர் உரக்கச் சொல்ல, நீங்கள் உங்கள் படியில் விரல் வைத்துக்கொண்டே வாருங்கள்.

அடுத்தது, பேச்சுத் தமிழ். சொந்தக்காரருக்கோ சிநேகிதருக்கோ எழுதும்போது 'வருகிறேன்' என்று எவர் எழுதுகிறார்? 'வரேன்', 'வந்துட்டேன்', 'சொல்லாத', 'வீட்ல'. அப்போது 'கிறேன்' தேடி ஒன்றும் கிடைக்காது. 'ட்டேன்' தேடுங்கள், 'ணும்' தேடுங்கள். சொல் முதலில் ட, ர, ல வராது என்ற விதியும் டீ, ரயில், லீவு வந்தால் உடைந்துவிடும். கூடவே பஸ், போன் என்று ஆங்கிலச் சொற்களும் நுழைந்திருக்கும்.

மூன்றாவது, எழுத்துகளைச் சேர்த்திருக்கலாம். ந-னவுக்கு ஒரே குறி, ர-றவுக்கு ஒரே குறி, ல-ள-ழவுக்கு ஒரே குறி. மெய்க்குறிகள் பதினெட்டுக்குப் பதில் பதின்மூன்று பதினான்குதான் இருக்கின்றன என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். அல்லது அவருக்கே எழுத்துப்பிழை வரும் என்றும் வைத்துக்கொள்ளலாம், மனிதர்தானே.

நாலாவது, உயிர்க்குறியையும் மாற்றியிருக்கிறார். நெடில் எல்லாம் குறிலாக, குறில் எல்லாம் நெடிலாக இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 'நளை வாரூகீறென்' மாதிரி ஒரு வாடை அடிக்கும்.

எதனோடும் ஒட்டாத ஒரே ஒரு சொல் மட்டும் மிச்சம் என்றால் அது ஆள் பெயரோ ஊர்ப் பெயரோ, விட்டுவிட்டு மேலே போங்கள்.

அறிகுறி: இரண்டு விடை, இரண்டும் பொருந்துகிறது

செய்தி போதாது, அவ்வளவுதான். '_ா_ை வா' என்று மட்டும் இருந்தால் நாளை வா, காலை வா, மாலை வா மூன்றும் சரி. எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் தாளை வைத்து இதைத் தீர்க்க முடியாது. அதே கையால் எழுதிய இன்னொரு சீட்டு கிடைக்கிறதா என்று பாருங்கள், கிடைக்காவிட்டால் மூன்றையும் எழுதி வைத்து நிறுத்துங்கள். உங்களுக்குப் பிடித்த விடையைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், குறிப்பாகச் செய்தி இன்னொருவர் மேல் பழி சொல்வதாக இருந்தால்.

அறிகுறி: எல்லாக் குறியும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகின்றன

நீளமான செய்தி, ஆனால் முந்துகிற குறியும் இல்லை, அரிதான குறியும் இல்லை. ஒரு எழுத்துக்குப் பல குறி வைத்திருக்கலாம், அல்லது சாவிச்சொல் ஒன்றை வைத்து எழுத்துக்கு எழுத்து பட்டியலை மாற்றியிருக்கலாம். இது நம் வீட்டு மேஜையில் முடிகிற வேலை இல்லை. அமெரிக்காவில் சோடியாக் என்று தன்னை அழைத்துக்கொண்ட கொலையாளி 1969இல் அனுப்பிய 408 குறிச் செய்தியை ஓர் ஆசிரியரும் அவர் மனைவியும் சில நாளில் அவிழ்த்துவிட்டார்கள். அதே வருடம் வந்த 340 குறிச் செய்தி, குறிகளின் வரிசையையும் குலைத்திருந்ததால், 2020 வரை இழுத்தது, அதுவும் மூன்று பேரும் கணினியும் சேர்ந்து.

நிரல் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். ஆங்கிலத்துக்கு ஆயத்தமாகக் கிடைக்கும் நிரலில் தமிழைப் போட்டால் உளறும், தமிழ் உரையிலிருந்து எடுத்த எழுத்துக் கணக்கை அதற்கு ஊட்டச் சொல்லுங்கள், செய்தி பேச்சுத் தமிழ் என்றால் பேச்சுத் தமிழ் உரை.

செய்தியில் மிரட்டல் இருக்கிறது, ஒருவர் உயிருக்கு ஆபத்து என்று தோன்றுகிறது, அல்லது காணாமல் போனவர் எழுதியது என்றால் மேலே சொன்ன எதையும் செய்து பார்க்க வேண்டாம். தாளைக் கையால் தடவாமல் ஓர் உறையில் போட்டுக் காவல்துறையிடம் கொடுங்கள், நீங்கள் எடுத்த படத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரிடம் கொடுத்தாலும் தாளின் இரண்டு பக்கப் படம், எதையெல்லாம் முயன்று விட்டீர்கள் என்ற குறிப்பு, எழுதியவரின் வயது, அவர் எந்த வருடம் எழுதியிருக்கலாம், அவருக்கு வேறு எந்த மொழி தெரியும், உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவார், இவ்வளவையும் சேர்த்தே கொடுங்கள். செல்லப் பெயரைச் சொல்ல வெட்கப்பட்டு மறைத்தவர்கள் இருக்கிறார்கள், கடைசியில் செய்தியின் முதல் சொல்லே அதுவாகத்தான் இருந்தது.